பேக்கப் சேர்வருக்கு டிஸ்க் எப்படிப் பிரிக்கலாம்? (ஸ்டூடியோ, 11 டிபி, ஹட்டன்)

ஸ்டூடியோ மகள் – ஹட்டன்

வணக்கம். ஹட்டன் டவுன்ல அப்பா தொடங்கின போட்டோ ஸ்டூடியோவ இப்ப நானும் தம்பியும் பார்க்குறோம். கல்யாணம், சடங்கு, தேர்த் திருவிழா, தோட்டத்து ஸ்கூல் குரூப் போட்டோ எல்லாம் எடுக்குறோம். எடிட்டிங்குக்கு ரெண்டு கம்பியூட்டர், நடுவுல ஒரு நாஸ் பெட்டி (ரெண்டு கம்பியூட்டரும் நெட்வேர்க் வழியாப் பொதுவாப் பாவிக்கிற டிஸ்க் பெட்டி). பேக்கப்னு சொல்லிக்கிறது அலுமாரியில கெடக்குற எக்ஸ்டேர்னல் டிஸ்க்குங்கதான். எதுல எது இருக்குன்னு மாஸ்கிங் டேப்ல எழுதி ஒட்டினோம், பாதி எழுத்து அழிஞ்சிருச்சி.

2025 நவம்பர்ல டித்வா புயல் வந்தப்ப கடைக்கு ஒண்ணும் ஆகல. ஆனா பின்பக்கத்து மண்மேட்டப் பார்த்துட்டு அப்பாவே "இதுக்கு ஒரு வழி பண்ணு"ன்னுட்டார். அதனால பேக்கப்புக்குன்னே தனியா ஒரு சேர்வர் போடப்போறேன்.

கையில இருக்கிறது: எட்டு டிஸ்க் போடக்கூடிய பழைய டெல் டவர் சேர்வர், 32 ஜிபி ஈசிசி (பிழையத் தானாத் திருத்துற) ரேம், ரெய்ட் கார்டோட (பல டிஸ்க்க ஒண்ணாச் சேர்த்து ஓட்டுற கார்ட்). 500 ஜிபி எஸ்எஸ்டி ஒண்ணு. 8 டிபி டிஸ்க் நாலு. ஏற்கனவே பாவிச்ச 4 டிபி ரெண்டு.

டேட்டா விண்டோஸ் காட்டுற கணக்குக்கு 11 டிபி. அதுல போட்டோ நாலரை, வீடியோ புட்டேஜ் அஞ்சு, முடிச்சுக் குடுத்த அல்பம், படம், ப்ரொஜெக்ட் பைல் எல்லாம் சேர்த்து ஒண்ணரை. வருஷத்துக்கு ஒரு 3 டிபி கூடுது.

சேர்வர் வாங்கின கடையில "எல்லாத்தையும் ஒரே ரெய்ட் 5ல போடுங்க, எஸ்எஸ்டிய கேஷா (வேகத்துக்கான தற்காலிக இடமா) வைங்க"ன்னு சொன்னாங்க. தம்பி ரெய்ட் 6ன்றான் (5ல ஒரு டிஸ்க் செத்தாலும் டேட்டா நிக்கும், 6ல ரெண்டு செத்தாலும் நிக்கும்). இன்னும் ரெண்டு டிஸ்க் வாங்க காசு இருக்கு, அதுக்கு மேல முடியாது. எப்படிப் பிரிச்சா நல்லது?


ஊவாக்காரன் – பண்டாரவளை

தங்கச்சி, நான் இந்தப் பக்கம் தேயிலை பெக்டரிகளுக்கும் ஒரு கணக்காளர் ஒபிசுக்கும் சேர்வர் பார்க்கிற ஆள். செக்ரோல் (தொழிலாளர் சம்பளப் பதிவு), கொழுந்து நிறுவை, ஈபிஎப், இதுதான் என் டேட்டா. உங்க வீடியோவுக்குப் பக்கத்துல வைக்கவே முடியாத அளவு சின்னது. ஆனா டிஸ்க் சாகிற விதம் எல்லா இடத்திலயும் ஒண்ணுதான்.

ரெய்ட் 5ஆ 6ஆன்னு தம்பியோட மல்லுக்கட்ட முன்னம் இந்தக் கணக்கப் பாருங்க. விண்டோஸ் 1024ஆல வகுத்து டிபி காட்டுது, டிஸ்க் கம்பெனி 1000ஆல வகுத்து விக்கிது. விண்டோஸ்ல 11னா டிஸ்க் பெட்டியில எழுதுற கணக்குக்கு 12.1. நாலு 8 டிபிய ரெண்டு மிரர் ஜோடியா (ஜோடியில ரெண்டு டிஸ்க்லயும் ஒரே டேட்டா) போட்டாலும் சரி, ரெய்ட் 6 போட்டாலும் சரி, கிடைக்கிறது 16. நான் இசட்எப்எஸ் பாவிக்கிறேன் (ரெய்ட் வேலையையும் தானே பார்க்கிற பைல் சிஸ்டம்), அதுல பூல, அதாவது டிஸ்க்குங்க சேர்ந்த மொத்த இடத்த, 80 சதவீதத்துக்கு மேல நிரப்ப விடுறதில்ல. அதுக்கு மேல போனா காலி இடம் துண்டுதுண்டாச் சிதறி எழுதுறது இழுக்கத் தொடங்கும். 16ல 80 சதவீதம் 12.8. முதல் பேக்கப் முடியிற அன்னைக்கே உங்களுக்கு மிச்சம் 0.7 டிபிதான். மூணு மாசம் தாங்காது.

ரெய்ட் 5 போட்டா 24 கிடைக்குமேன்னு கேப்பீங்க. ஒரு டிஸ்க் போனா மத்த மூணையும் தொடக்கத்திலிருந்து கடைசி வரைக்கும் பிழையில்லாம வாசிச்சாத்தான் புது டிஸ்க் நிரம்பும். சாதாரண டிஸ்க்கோட கம்பெனி விவரத் தாள்ல 10இன் 14ஆம் அடுக்கு பிட்டுக்கு ஒரு வாசிப்புப் பிழைன்னு போட்டிருப்பாங்க, அது 12.5 டிபி. நீங்க வாசிக்க வேண்டியது 24. நடப்புல டிஸ்க்குங்க அந்தத் தாள விட ஒழுங்காத்தான் ஓடும், அந்தக் கணக்க வச்சு மட்டும் நான் பயமுறுத்த மாட்டேன். என் பயம் வேற. நம்ம ஊர்ல டிஸ்க் செத்தா மாத்து டிஸ்க் கொழும்புல இருந்து வரணும். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவுல அந்த அளவு ஸ்டொக் இருக்கணும், கடை திறந்திருக்கணும், மழை இல்லாம பாதை திறந்திருக்கணும். அத்தனை நாளும் மிச்சமிருக்கிற டிஸ்க்குங்க ஒரு காப்பும் இல்லாம நிக்கணும். கொழும்புல இருக்கிறவன் ரெய்ட் 5 போட்டா அது அவன் துணிச்சல். மலையில இருக்கிறவன் போடக்கூடாது. இங்க ரெய்ட் அளவை விட, ஷெல்ப்ல ஒரு சும்மா டிஸ்க் கிடக்கிறது பெரிசு.

ரெய்ட் கார்ட எச்பிஏ மோடுக்கு மாத்துங்க, அதாவது கார்ட் ரெய்ட் பண்ணாம டிஸ்க்குங்கள அப்படியே சிஸ்டத்துக்குக் குடுக்கணும். கார்டே ரெய்ட் பண்ணினா, கார்ட் எரிஞ்ச அன்னைக்கு அதே இனத்துக் கார்ட் தேடி அலையணும். இசட்எப்எஸ் பூல எந்த லினக்ஸ் பெட்டியில மாட்டினாலும் எழுந்து நிக்கும்.

எஸ்எஸ்டியில சிஸ்டம் மட்டும். கேஷ் வேணாம். வாசிப்புக் கேஷ் உதவுறது அதே பைலத் திரும்பத் திரும்ப வாசிக்கிற இடத்துல, பேக்கப் சேர்வர் எழுதிட்டுத் தூங்குற சாதி. எழுத்துக் கேஷும் உங்க வேலைக்கு ஒண்ணும் பண்ணாது. யாராவது "ஸ்பெஷல் விடெவ்வா போடுங்க, மெட்டாடேட்டா பறக்கும்"னு சொன்னா (பைல்களப் பத்தின விவரத்த எஸ்எஸ்டியில வைக்கிற முறை) காதுல வாங்காதீங்க. ஒத்த எஸ்எஸ்டிய அப்படிப் போட்டு அது செத்தா முழுப் பூலும் போச்சு. சிஸ்டம் மட்டும் இருக்கிற எஸ்எஸ்டி செத்தா புதுசுல லினக்ஸ் ஏத்தி, பூல இம்போர்ட் பண்ணி, அன்னைக்கே வேலை பார்க்கலாம். கொன்பிக் பைல்களோட கொப்பி ஒண்ண பூலுக்குள்ளயே வச்சிருங்க.

பூல் ஒண்ணா இருந்தாலும் உள்ளுக்குப் பிரிவு வேணும். போட்டோவுக்கு ஒரு டேட்டாசெட் (பூலுக்குள்ள தனி விதிகளோட ஒரு பிரிவு), புட்டேஜுக்கு ஒண்ணு, முடிச்ச வேலைக்கு ஒண்ணு, கடைக் கணக்குக்கு ஒண்ணு. ஏன்னா ஒவ்வொண்ணுக்கும் ஸ்னப்ஷொட் (அந்த நேரத்து நிலைய அப்படியே பிடிச்சு வைக்கிற பதிவு) வைக்கிற காலம் வேற. கணக்க வருஷக்கணக்கா வைக்கலாம், சின்னது. புட்டேஜ அப்படி வச்சா டிஸ்க் வாங்கியே கடைய விக்கணும். படம், வீடியோ இருக்கிற டேட்டாசெட்டுக்கு ரெக்கோர்ட் சைஸ் (பைல வெட்டி எழுதுற துண்டோட உச்ச அளவு) 1 எம்பி வைங்க. எடிட்டிங் சொப்ட்வெயார் உண்டாக்குற கேஷ், ப்ரிவியூ போல்டர் எதையும் பேக்கப்ல சேர்க்காதீங்க, திரும்ப உண்டாக்கக்கூடிய எதுக்கும் இடம் குடுக்காதீங்க.

இன்னொண்ணு. எடிட்டிங் கம்பியூட்டர் சேர்வர்ல வந்து எழுதக்கூடாது, சேர்வர்தான் நாஸுக்குப் போய் எடுக்கணும். சேர்வரோட பாஸ்வேர்ட் அந்த ரெண்டு கம்பியூட்டர்லயும் எங்கயும் இருக்கக்கூடாது. யாராவது பென் டிரைவ்ல, பைலப் பூட்டிட்டுக் காசு கேக்கிற ரான்சம்வெயாரக் கொண்டாந்து குத்தினா நாஸ் வரைக்கும் போகும், பேக்கப்ப அழிக்க அதுக்கு வழி இருக்காது.

கடைசியா ஒரு கேள்வி. நாலு 8 டிபியும் என்ன மொடல்? பெட்டி பேர் இல்ல, டிஸ்க் மேல ஒட்டியிருக்கிற நம்பர். அது தெரியாம மேற்கொண்டு சொல்ல மாட்டேன்.


நானுஓயா ஸ்டேஷன் – நுவரெலியா

ஊவாக்காரன் அண்ணன் சொன்னதில் பெரும்பாலும் உடன்பாடு. ஆனால் நாலு டிஸ்க்கில் மிரரும் ரெய்ட்-இசட்2வும் (இசட்எப்எஸ்ஸின் ரெய்ட் 6) ஒரே 16 டிபிதான் தருகின்றன என்றால், ரெய்ட்-இசட்2 போடுவதுதான் நியாயம். நாலில் எந்த இரண்டு செத்தாலும் அது நிற்கும். இரண்டு டிஸ்க் சேர்ந்து சாக ஆறு வகை உண்டு. மிரர் ஜோடிகளில் அவற்றில் இரண்டு வகை பூலையே கொண்டுபோகும். மாற்று டிஸ்க் வர நாளாகும் என்று அண்ணனே சொல்கிறார், அந்த நாட்களில் ரெய்ட்-இசட்2வுக்கு இன்னும் ஒரு உயிர் மிச்சமிருக்கும், மிரர் ஜோடிக்கு இருக்காது.

பிறகு பெருக்க முடியாது என்ற பழைய குறையும் இப்போது இல்லை. 2025 ஜனவரியில் வந்த ஓப்பன் இசட்எப்எஸ் 2.3 முதல் ரெய்ட்-இசட்டில் ஒவ்வொரு டிஸ்க்காகச் சேர்க்கலாம். ஏற்கனவே எழுதிய பைல்கள் டேட்டாவுக்கும் காப்புக்குமான பழைய விகிதத்திலேயே இருக்கும் என்பதை மட்டும் நினைவில் வைக்கவும். இரண்டு 8 டிபி வாங்கி ஆறு டிஸ்க் ரெய்ட்-இசட்2வாகத் தொடக்கத்திலேயே போட்டால் 32 டிபி. பேச்சு முடிந்தது.


ஸ்டூடியோ மகள் – ஹட்டன்

ரெண்டு பேருக்கும் நன்றி. 80 சதவீதக் கணக்கப் பார்த்துட்டுத் தம்பி வாயடைச்சுப் போய் நிக்கிறான்.

கழட்டிப் பார்த்தேன். ரெண்டு சீகேட் அயர்ன்வூல்ப். மத்த ரெண்டும் சீகேட் பாரகுடா, நம்பர் கடைசியில டிஎம்004ன்னு இருக்கு. விலை குறைச்சலா இருந்திச்சின்னு வாங்கினது.

இன்னொரு விஷயமும் சொல்லணும். ஒரு கல்யாண வேலை முடிஞ்சா அந்தப் போல்டர அப்படியே "முடிஞ்சது"க்குள்ள தள்ளிருவோம், பேரையும் மாத்துவோம். அது பேக்கப்புக்குப் பிரச்சினையா?


ஊவாக்காரன் – பண்டாரவளை

மொடல் கேட்டது இதுக்குத்தான். அந்த 8 டிபி பாரகுடா எஸ்எம்ஆர் வகை, சீகேட் தன்னோட பட்டியல்லயே அப்படித்தான் போட்டிருக்கு. அதுல தடங்கள் கூரைத் தகரம் மாதிரி ஒண்ணுக்கு மேல ஒண்ணு ஏறிக் கிடக்கும். ஒண்ணத் திருத்தி எழுதணும்னா பக்கத்துல இருக்கிறதையும் திரும்ப எழுதணும். ஒரே ஓட்டமா எழுதி மூடி வைக்கிறதுக்கு நல்ல டிஸ்க். பூலுக்குள்ள போட்டு, ஒரு நாள் ரீசில்வர் (மாத்தின டிஸ்க்க மத்ததுல இருந்து நிரப்புறது) ஓடும்போது பாருங்க, மணித்தியாலத்துல முடிய வேண்டியது நாள்கணக்கா இழுக்கும், நடுவுல டைம்அவுட் ஆகி பூலே அதத் தூக்கி வெளிய போட்டாலும் போடும். 2020ல டபிள்யூடி ரெட் வரிசையில 2 டிபியிலிருந்து 6 டிபி வரை சிலது எஸ்எம்ஆர்னு தெரிய வந்து உலகம் பூரா சத்தம் போட்டாங்களே, அதே விஷயம். அயர்ன்வூல்ப் சிஎம்ஆர், தடங்கள் ஒண்ணு மேல ஒண்ணு ஏறாத வகை, அதுல பயமில்ல.

ஆகவே உங்க கையில பூலுக்கு ஆகுற டிஸ்க் நாலு இல்ல, ரெண்டு.

நானுஓயா தம்பி சொன்ன ரெய்ட்-இசட்2 இப்ப அடிபடுது. ரெண்டு 8ம் வாங்கப்போற ரெண்டும்தான் நாலு. புதுசா 16 வாங்கினாலும் ரெய்ட்-இசட் எல்லாத்தையும் சின்னதோட அளவுக்கு வெட்டிரும், 16தான் கிடைக்கும். மிரர்னா 8 ஒரு ஜோடி, 16 ஒரு ஜோடி, சேர்த்து 24. அதுல 80 சதவீதம் 19.2. உங்க 12.1ஐக் கழிச்சா ஏழு சொச்சம், ரெண்டு வருஷத்துக்கு மேல ஓடும். எட்டு இடத்துல நாலு காலி. அடுத்த ஜோடிய வாங்குற நேரம் எது மலிவோ அந்த அளவுல வாங்கிச் சேருங்க.

ஒரே ஜோடியில ரெண்டும் செத்தா பூல் போயிரும், நானுஓயா தம்பி சொன்னது சரிதான். ஆனா இது பேக்கப். பூல் போன அன்னைக்கும் நாஸ்ல மூலம் இருக்கு, புட்டேஜ் தவிர மத்ததுக்கு வெளியூர்ல இன்னொரு கொப்பியும் இருக்கும், அதக் கீழ சொல்றேன். ஜோடியில ஒண்ணு மட்டும் செத்தா, பக்கத்து டிஸ்க்க ஒரு தரம் வாசிச்சா போதும், 8 டிபி முழுசா நிரம்பியிருந்தாலும் ஒரு அரை நாள் வேலை. இடையில கரண்ட் போனாலும் விட்ட இடத்துலயிருந்து தொடரும். அடுத்த சீசன் காசுல முதல் வாங்குறது ஒரு 16 டிபி, ஷெல்ப்புக்கு. அது எந்த ஜோடிக்கும் பொருந்தும். இப்ப வாங்குற ரெண்டையும் ரெண்டு கடையில வாங்குங்க, ஒரே தொகுதியில வந்த டிஸ்க்குங்க ஒரே காலத்துல கிழடாகுறத நான் பார்த்திருக்கேன்.

பாரகுடா ரெண்டும் வீணில்ல. மண்மேட்டுக்குப் பதில் அதுங்கதான். ஒவ்வொண்ணுலயும் போட்டோவும் முடிச்ச வேலையும் மட்டும். விண்டோஸ் கணக்குக்கு 6, டிஸ்க் கணக்குக்கு 6.6, ஒரு 8 டிபிக்குள்ள அடங்கும். ஒண்ணு ஹட்டன்ல நிரம்பும்போது மத்தது வெளியூர்ல இருக்கும், மாசம் ஒரு தரம் ஆள் மாத்துங்க. ஒரே ஓட்டமா எழுதுற வேலை, எஸ்எம்ஆருக்குப் பிடிச்ச வேலை. கட்டாயம் பூட்டுப் போட்டு எழுதுங்க, என்கிரிப்ஷன். அடுத்தவங்க கல்யாணப் படம் பஸ்ல தொலையக்கூடாது.

இன்டர்நெட்ல ஏத்தலாமேன்னு யாராவது வருவாங்க. மேல போற வேகம் 10 எம்பிபிஎஸ்னா 6.6 டிபி ஏற ரெண்டு மாசம். ஹட்டன் – கண்டி பஸ் அதை விட வேகம்.

புட்டேஜ் வெளியூருக்கு வேணாம். வாடிக்கையாளருக்குப் படம் குடுத்து ஆறு மாசம் போனா புட்டேஜ அழிக்கிறதுன்னு பில்லுலயே எழுதி கையெழுத்து வாங்குங்க. வருஷம் 3 டிபி கூடுறதுல பாதி அதுலயே நிக்கும். அப்பாவுக்கு இது பிடிக்காது, ஸ்டூடியோக்காரங்க எதையும் அழிக்க மாட்டாங்கன்னு தெரியும். டிஸ்க் விலைய அவருக்குக் காட்டுங்க.

பழைய 4 டிபி ரெண்டும் பூலுக்கு வெளிய. மாசம் ஒரு தரம் ஏதாவது ஒரு கல்யாணத்த பேக்கப்லயிருந்து அதுக்குள்ள எடுத்து, தம்பியத் திறந்து பார்க்கச் சொல்லுங்க. லிஸ்ட்ல பேர் இருந்தா போதாது, படம் திறக்கணும்.

போல்டர் மாத்துற கேள்விய நானுஓயாவுக்கு விடுறேன், அவர் அதுல கெட்டி.


நானுஓயா ஸ்டேஷன் – நுவரெலியா

எஸ்எம்ஆர் என்று தெரிந்த பிறகு என் ஆறு டிஸ்க் கணக்கு நிற்காது, சரி. ஆனாலும் நான் என்றால் 8 டிபி சிஎம்ஆர் இரண்டு வாங்கி ரெய்ட்-இசட்2 போட்டு, புட்டேஜை அதற்கு வெளியே வைத்திருப்பேன். அது என் மனநிம்மதிக்கு.

போல்டர் பிரச்சினை உண்மையில் பெரியது. சாதாரண ஆர்சிங்க் (போல்டர்களைக் கொப்பி எடுக்கும் சொப்ட்வெயார்) போட்டால், பெயர் மாறிய போல்டர் அதற்குப் புதுப் போல்டர். 200 ஜிபி கல்யாணம் ஒன்றை "முடிஞ்சது"க்குள் தள்ளினால் மறுபடி 200 ஜிபி கொப்பி ஆகும். பழையதை அழித்தாலும் ஸ்னப்ஷொட் அதைப் பிடித்துக்கொண்டிருக்கும். சீசன் முடிந்து நீங்கள் மொத்தமாக வரிசைப்படுத்துகிற கிழமையில் பூல் திடீரென்று ஊதும், ஏன் என்று யாருக்கும் விளங்காது.

இரண்டு வழி. ஒன்று, ரெஸ்டிக் அல்லது போர்க் என்ற பேக்கப் சொப்ட்வெயாரைப் பாவியுங்கள். பைலைத் துண்டாக்கி, துண்டின் கையொப்பத்தை வைத்துத்தான் சேமிக்கின்றன, போல்டர் பெயர் மாறினாலும் ஏற்கனவே இருக்கிற துண்டை மறுபடி எழுதாது. ஆனால் உள்ளே இருப்பதை எடுக்க அந்த சொப்ட்வெயாரும் பாஸ்வேர்டும் வேண்டும். பாஸ்வேர்டைக் கடதாசியில் எழுதி, சேர்வருக்குப் பக்கத்தில் அல்லாத ஓரிடத்தில் வையுங்கள். இரண்டாவது வழி செலவில்லாதது: வேலை தொடங்கும்போதே ஆண்டு, மாதம், குடும்பப் பெயர் என்று போல்டருக்குப் பெயர் வைத்து, அதைச் சாகும்வரை மாற்றாதீர்கள். முடிந்ததா இல்லையா என்பதை ஒரு கொப்பியில் அல்லது எக்செல்லில் குறியுங்கள்.

நான் இரண்டாவதைத்தான் முதலில் செய்யச் சொல்வேன்.


தலவாக்கலை வயரிங்

டிஸ்க் பத்தி எனக்குத் தெரியாது, கரண்ட் பத்தி ரெண்டு வார்த்தை. மார்ச் ஏப்ரல்லயும் ஒக்டோபர் நவம்பர்லயும் பின்னேர இடிமழை வரும், அது நம்ம எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். யூபிஎஸ் இருந்தா மட்டும் காணாது. கடை ஏர்த் ராடை ஆள் வச்சு அளந்து பாருங்க, பழைய லைன் கட்டடங்கள்ல ஏர்த் இருக்கும், வேலை செய்யாது. யூபிஎஸ்ல இருந்து சேர்வருக்கு யூஎஸ்பி வயர் போட்டு, பேட்டரி இறங்கினா தானா நிக்கிற மாதிரி செட் பண்ணுங்க. 2022ல 13 மணித்தியாலம் கட் பண்ணினாங்களே, அந்த மாதிரி நாளுக்கு யூபிஎஸ் தாங்காது, ஒழுங்கா நிக்கிறதுக்கு நேரம் குடுத்தா போதும்.

நெட்வேர்க் வயர் வழியாவும் இடி வரும். மாடிக்கும் கீழுக்கும், இல்ல பக்கத்துக் கட்டடத்துக்கும் செம்பு வயர் இழுத்திருந்தா அந்த இடத்துக்கு பைபர் போடுங்க. கண்ணாடி நார் கரண்ட் கடத்தாது.


ஸ்டூடியோ மகள் – ஹட்டன்

ரெண்டு 16 டிபிக்குச் சொல்லியாச்சு, ஒண்ணு கொழும்பு, ஒண்ணு கண்டி. ஆறு மாசத்துல புட்டேஜ அழிப்போம்னு பில்லுல எழுதுறதுக்கு அப்பா இன்னும் தலையாட்டல. போல்டர் பேர் மாத்துற பழக்கத்த நிப்பாட்டிட்டோம்.

வெளியூர் டிஸ்க் கண்டியில பெரியம்மா வீட்டுல இருக்கும். இங்க மிஸ்ட், அங்க வெக்கை. கமரா லென்ஸ்ல பூஞ்சணம் பிடிக்கிற மாதிரி டிஸ்க்குக்கும் ஏதாவது ஆகுமா? உயரம் பிரச்சினையா?


ஊவாக்காரன் – பண்டாரவளை

உயரம் பிரச்சினையே இல்ல. டிஸ்க் தாள்ல சாதாரணமா 3048 மீட்டர் வரைக்கும் ஓடலாம்னு போட்டிருக்கும், நுவரெலியாவே 1868தான். பிரச்சினை ஈரம் படியிறது. குளிர்ல இருந்த டிஸ்க்க கண்டியில இறக்கி உடனே பையத் திறந்தா, குளிர்ந்த உலோகத்துல நீர் பூக்கும். காத்துப் புகாத பையில சிலிக்கா ஜெல்லோட போட்டு அனுப்புங்க. பெரியம்மா வீட்டுல பையத் திறக்காம இரவு முழுக்க அறையிலயே வச்சிரட்டும், திரும்பி வரும்போது நீங்களும் அப்படியே. உங்ககிட்ட லென்ஸ் வைக்கிற டிரை பொக்ஸ் இருக்கும்ல, ஹட்டன்ல இருக்கிற நேரம் டிஸ்க் அதுக்குள்ள இருக்கட்டும்.

முதல் பேக்கப் ஓட விட முன்னம் ஸ்விட்ச்சப் பாருங்க. கிகாபிட்னா 12.1 டிபி ஏற முப்பது மணித்தியாலம் சொச்சம். மூலையில பழைய 100 எம்பி ஸ்விட்ச் ஒண்ணு இருந்தா அதே வேலை பன்னிரண்டு நாளுக்கு மேல இழுக்கும்.

16 டிபி வந்தா நேரா பூல்ல சேர்க்காதீங்க. நீண்ட ஸ்மார்ட் சோதனைய (டிஸ்க் தன்னையே சோதிச்சுப் பார்க்கிறது) ஓட விடுங்க, ஒரு நாள் அளவு எடுக்கும். ஸ்மார்ட் பட்டியல்ல 5ஆம், 197ஆம், 198ஆம் வரிசையில (பழுதான இடங்களோட எண்ணிக்கை) பூச்சியம் தவிர வேற ஏதாவது வந்தா கடைக்குத் திருப்பிருங்க. 199 மட்டும் ஏறினா அது டிஸ்க் இல்ல, வயர். பிறகு ஒவ்வொரு கேடியோட (டிஸ்க் மாட்டுற தட்டு) முகப்புலயும் அந்த டிஸ்க்கோட சீரியல் நம்பர் கடைசி நாலு எழுத்தையும் அழியாத மார்க்கரால எழுதுங்க. பூலக் கட்டும்போதும் சீரியல் நம்பர் வர்ற பேரையே குடுங்க, லினக்ஸ் தானா வைக்கிற எஸ்டிஏ எஸ்டிபிங்கிற பேரக் குடுக்காதீங்க. இந்தத் தரம் மாஸ்கிங் டேப் வேணாம்.